விண்டோ மாறினால் விசை மாறும்

காலை வெயில் விசைப்பலகையின் மேல் சாய்ந்து விழுகிறது. மொழிபெயர்ப்பாளரான அவளுடைய வலக்கை மாவுக்கட்டோடு மடியில் கிடக்கிறது. கை ஒடிந்த நாளிலிருந்து அவள் யாரோடும் பேசுவதில்லை. தம்பி அழைத்தால்கூட எடுக்காமல், போனில் ‘அப்புறம்’ என்று ஒற்றை விரலால் தட்டிவிடுகிறாள். அவனோ தன் ஊரில் இருந்தபடியே இணையம் வழியாக இந்தக் கணினிக்குள் புகுந்து ஏதோ செய்து வைத்திருக்கிறான். வேலைக்கான விண்டோவைத் திறந்ததும் மூலையில் பச்சைப் புள்ளி எரிகிறது. அவன் எழுதி அனுப்பியிருந்தபடி, இடது கட்டைவிரலால் விசைப்பலகையின் அடியிலுள்ள நீளக் கட்டையை அழுத்திக்கொண்டால், வலப்பக்க எழுத்துகளெல்லாம் இடக்கைக்கு வந்துவிடுகின்றன. மின்னஞ்சலுக்குப் போகிறாள், பச்சை. அகராதிக்குப் போகிறாள், அங்கேயும் பச்சை. அட, இது நல்ல வேடிக்கையாக இருக்கிறதே என்று மாற்றி மாற்றித் திறக்கிறாள். தம்பிக்கு இரண்டு வரி எழுதலாமென்று அவனோடு அரட்டையடிக்கும் விண்டோவுக்கு வந்தால், தட்டுவது அத்தனையும் உளறலாக விழுகிறது. புள்ளி அணைந்திருக்கிறது. இங்கே மட்டும் ஏன் என்ற குடைச்சல் தாங்காமல் அவனைப் போனில் அழைக்கிறாள்.

“ஏண்டா, உன் விண்டோவை மட்டும் மறந்துட்டியா?”

“மறக்கலக்கா. அதுலயும் எழுத முடிஞ்சிட்டா நீ எப்ப வாயைத் திறக்கப்போற?”

“கழுதை,” என்கிறாள். அறையில் எழும் தன் குரலை, யாரோ வந்திருப்பதுபோல், தலை திருப்பிக் கேட்கிறாள்.