அட்டைக்கு ஒரு அழுகை

“கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி அழுங்க மேடம்!”

போட்டோகிராபர் கேட்டதுதான் தாமதம். அந்த அம்மாள் சோபாவில் நகர்ந்து உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டி, பொலபொலவென்று கண்ணீர் விட்டாள்.

பக்கத்தில் நின்ற பெண் நிருபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சே! புருஷனை அடக்கம் செய்துவிட்டு வந்து அரை நாள் ஆகவில்லை. அதற்குள் என்ன நடிப்பு!

செத்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. திரையில் தலையைக் காட்டினாலே தியேட்டர் குலுங்கும், அப்பேர்ப்பட்ட சிரிப்பு நடிகர். அவருக்கு நினைவுச் சிறப்பிதழ் கொண்டுவர நாலு பத்திரிகைக்காரர்கள் அந்தக் கூடத்தில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். வழவழத் தாள், நடுவில் பெரிய வண்ணப்படம், விலை மட்டும் இரண்டு மடங்கு. துக்கத்தில் பங்கெடுக்கிறார்களாம், துக்கத்தில்!

நிருபரின் ஆசிரியர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“பொண்டாட்டி அழறது எல்லாப் பத்திரிகையிலயும் வரும். நமக்குப் பொண்ணு வேணும். பன்னிரண்டு வயசுக் குழந்தை, அப்பாவை நெனச்சு அழற மாதிரி, அட்டையில போட ஒரே ஒரு படம். அது இல்லாம வந்தே, அடுத்த வாரத்துலேருந்து நீ ராசிபலன்தான் எழுதணும்.”

நிருபர் குழைந்து கேட்டாள். “மேடம், பாப்பா எங்கே?”

“இங்கே இல்லம்மா. சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டேன்.”

பச்சைப் பொய். வாசலில் சின்னச் செருப்பு கிடந்ததை நிருபர் வரும்போதே பார்த்திருந்தாள்.

“ஒரே ஒரு படம்தான் மேடம்...”

“அவ எதுக்கு? அதான் நான் இருக்கேனே! அவரோட மூக்குக்கண்ணாடியைக் கையில வெச்சுக்கட்டுமா? படத்துக்கு நல்லா இருக்கும்.”

அடிப்பாவி! யோசனை வேறு சொல்லிக்கொடுக்கிறாளே!

போட்டோகிராபர் காதோரம் குனிந்தார். “இந்த அம்மா ஒரு காலத்துல துணை நடிகையாம்.”

“பார்த்தாலே தெரியலையா அண்ணே? இத்தனை வருஷமா எல்லா கேமராவும் புருஷனையே பார்த்துச்சு. இப்பத்தான் இவ பக்கம் திரும்பியிருக்கு. விடுவாளா? பெத்த பொண்ணுக்குக்கூட அட்டையை விட்டுத் தர மனசு வரலை பாருங்க.”

ஒருவன் புருஷன் படத்தைக் கட்டிக்கொண்டு அழச் சொன்னான். அழுதாள். இன்னொருத்தி தரையில் சாய்ந்து அழச் சொன்னாள். அதற்கும் சரி என்று சாய்ந்தாள். வெட்கம் மானம் எதுவுமே கிடையாதா என்று நிருபர் தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லோரும் தரையில் கிடந்தவளைச் சுற்றி நின்ற சமயம் பார்த்து, நிருபர் நைசாக உள்ளே நழுவினாள். நீளமான நடை. கடைசியில் சாத்திய ஓர் அறை. செல்போன் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு கதவை விரலளவு தள்ளினாள்.

உள்ளே சிரிப்புச் சத்தம்.

சிறுமி கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் பழைய படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெயிண்ட் வாளியோடு மாடிப்படியில் உருண்டு விழும் காட்சி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புரண்டு புரண்டு சிரித்தாள். முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டாள். திரும்பவும் சிரித்தாள்.

நிருபருக்குக் கை பரபரத்தது. தலைப்புகூடத் தானாக வந்து நின்றது. ‘அப்பா செத்த வீட்டில் மகளின் கும்மாளம்!’ அழுகிற படமெல்லாம் இதன் கிட்டே நிற்குமா? அட்டை என்ன அட்டை, ஊரே இதைத்தான் பேசும்!

செல்போனைத் தூக்கினாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

அந்த அம்மாள்தான். மூச்சு வாங்கியது.

“எடுத்துடாதேம்மா. உன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்.”

“மேடம்...”

“நேத்துலேருந்து இப்படித்தான் இருக்கா. ஒரு சொட்டு அழலை. இதை நிறுத்தினா உடம்பெல்லாம் நடுங்குது. அப்பா குரல் கேட்டாத்தான் ஒரு வாய் சாப்பிடறா. டாக்டர், அவ போக்குல விடுங்கன்னுட்டார். எவனாவது இதைப் படம் பிடிச்சுப் போட்டான்னா, அவ ஆயுசுக்கும் அப்பன் சாவுல சிரிச்சவதான். பள்ளிக்கூடத்துல தலை காட்ட முடியுமா?”

நிருபர் செல்போனைத் தாழ்த்தினாள்.

“எனக்கென்ன, நான் நடிச்சுப் பழகினவ. எந்தப் பக்கம் திரும்பச் சொன்னாலும் திரும்பி அழுவேன். அழறதுக்கு எனக்கா காரணம் இல்லே? நான் அங்கே அழுதுகிட்டே இருந்தாத்தான் எவனும் இங்கே வர மாட்டான்.”

கூடத்திலிருந்து குரல் வந்தது. “மேடம், எங்கே போயிட்டீங்க?”

“இதோ வந்துட்டேன்!” என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு அந்த அம்மாள் ஓடினாள்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது நிருபருக்கு. எத்தனை பேச்சுப் பேசிவிட்டோம்! கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அதே நேரம் கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது. ஆசிரியர்.

“என்னம்மா, பொண்ணு மாட்டுச்சா?”

“இல்ல சார். சித்தி வீட்டுல இருக்காம்.”

“நல்லா விசாரிச்சியா? அந்தம்மாவே உள்ளே ஒளிச்சு வெச்சிருக்கும்.”

நிருபர் அந்தக் கதவின்மேல் முதுகை அழுத்திச் சாய்ந்து நின்றுகொண்டாள்.

“அட நீங்க வேற சார்! அது சரியான விளம்பரப் பைத்தியம். பொண்ணு மட்டும் வீட்டுல இருந்திருந்தா, முதல் ஆளா இழுத்துட்டு வந்து கேமரா முன்னாடி உட்கார வெச்சிருக்காதா?”