வெளிப்பக்க வாட்டம்

வீட்டுக்கு ஓர் அறையை மழைக்கும் வெயிலுக்கும் திறந்துவிட வேண்டும் என்று சட்டம் வந்ததும், "ஹாலைக் கொடுத்துடலாம்க்கா" என்றான் குணசீலன். தூக்கி வளர்த்த தம்பியாயிற்றே என்று சுகந்தி அவன் நீட்டிய படிவத்தைப் படிக்காமலே கைரேகை வைத்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போனாள்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பியபோது ஹால் அப்படியே இருந்தது. அவள் அறைக்குத்தான் வெளிச்சுவர் இல்லை. சுவர் இருந்த இடத்தில் இடுப்புயரக் கம்பி. தூறலில் அவள் கட்டில் நனைந்துகொண்டிருந்தது.

"மழை பெஞ்சா நான் எங்கடா படுப்பேன்?"

"தரைக்கு வாட்டம் வெளிப்பக்கமாத்தான் வெச்சிருக்குக்கா. வீட்டுக்குள்ள தண்ணி வராது."

அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கை தாழ்ப்பாளைத் தேடியது. அங்கே ஆணித் துளைகள்தான் இருந்தன.

"சாரல் அடிக்குது" என்று கதவுக்கு மறுபக்கம் தம்பி தன் மனைவியிடம் சொல்வது கேட்டது. அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.