இரண்டாவது தொட்டி

பர்மாவிலிருந்து திரும்பிய ஆதப்பச் செட்டியார், கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல்மீன் வளர்க்கத் தொடங்கிய அன்றே, வீட்டில் மீன் சமைக்கக் கூடாதென்று உத்தரவு போட்டுவிட்டார். மீன் தின்கிறவர்களை நினைத்தாலே அவருக்குக் குமட்டியது.

"அழகை ரசிக்கத் தெரியாத பிணந்தின்னிங்க!" என்று வருகிறவர்களிடமெல்லாம் முகத்தைச் சுளிப்பார்.

வாரந்தோறும் வண்டிக்கார மலையாண்டி கட்டுமாவடியிலிருந்து பீப்பாயில் கடல்நீரும் ஓரா மீனும் கொண்டுவருவான். ஆனாலும் செட்டியார் கோவிலுக்குப் போய்த் திரும்பினால் நாலைந்து குறைந்திருக்கும்.

"செத்துப்போச்சுங்க ஐயா, அள்ளிப் போட்டுட்டேன்" என்பாள் சமையற்காரி மூக்காயி.

"சீ, எங்கிட்ட சொல்லாதே!"

வீடெல்லாம் அடித்த கவிச்சியைத் தொட்டி வாடை என்று மூக்கைப் பொத்திப் பொறுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒரு மீன்கூடச் சாகாது. தம் முருக பக்தியின் மகிமை என்று பூரித்தார்.

"இன்னொரு தொட்டி வைப்போமுங்க" என்று மனைவி கண்ணம்மையே கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒனக்கும் ரசனை வந்துருச்சே!"

தொட்டி வந்தது. செட்டியார் கோவிலுக்குக் கிளம்பியதும் கண்ணம்மை அரிகரண்டியோடு கூடத்துக்கு வந்தாள்.

"மூக்காயி, புளியக் கரைச்சு வையி. இனிமே மாப்பிள்ளை வந்தாலும் கொழம்புக்கு மீன் பத்தாமப் போகாது."