சோபாவைப் பார்த்த துப்பறிவாளர்

"வாயை மூடிக்கிட்டுப் படம் பாக்க மாட்டியா? நீ சொன்னதும் மறுபடியும் கொலைகாரனை மாத்திடுச்சு!" என்று உலகநாதன் கத்தினார்.

"கண்டுபிடிச்சது என் தப்பா?" என்று அவரைவிட உரக்கக் கேட்டாள் மனைவி செண்பகவல்லி.

புது டி.வி. அப்படித்தான். கொலைகாரன் யாரென்று வீட்டில் ஒருத்தர் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், உடனே கதையைத் திருப்பி வேறு ஆளைக் குற்றவாளியாக்கிவிடும். செண்பகவல்லியோ எதிர்வீட்டுக் குப்பைக்கூடையைப் பார்த்தே அங்கே என்ன குழம்பு என்று சொல்கிறவள். சமையல்காரர், டாக்டர், செத்தவரின் தம்பி எல்லோரும் தப்பித்தாயிற்று.

நடுவில் உட்கார்ந்திருந்த மகள் தேன்மொழி ரிமோட்டைத் தேடித் துழாவினாள். படத்தில் ஆள் தீர்ந்துபோனால் டி.வி. வீட்டுக்குள்ளேயே கைவைக்கும் என்று மேல்வீட்டு இன்னாசி எச்சரித்திருந்தான்.

"போதும்மா, சும்மா பாரேன்" என்று கெஞ்சினாள்.

"இருடி. அந்த நர்சுதான்!"

மிச்சமிருந்தது அந்த நர்ஸ் மட்டும்தான். திரையில் துப்பறிவாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நேராக சோபாவைப் பார்த்தார்.

"அவளும் இல்லை, அம்மணி. நீங்கள் கண்டுபிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். மொட்டைமாடியில் நாலு துணி காயப்போட உங்கள் மகளுக்கு ஏன் ஒரு மணி நேரம் ஆகிறது? மேல்வீட்டு இன்னாசியைக் கேளுங்கள்."

செண்பகவல்லி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "காதலிச்சதுகூடப் போகட்டும். எனக்குத் தெரியாமப் போச்சே!"

தை மாதமே கல்யாணம் நடந்தது. ஜோடி ஓசூருக்குக் குடிபோனது. சீர்வரிசையோடு அந்த டி.வி.யையும் செண்பகவல்லி ஏற்றி அனுப்பினாள். மாப்பிள்ளை அதை இன்னும் பெட்டியைவிட்டே எடுக்கவில்லையாம்.

ஏன் எடுக்கவில்லை என்றுதான் செண்பகவல்லி இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறாள்.