அக்காவின் பெயர்

அக்கா உயிரோடு திரும்பி வந்தபோது என் மடியில் அவள் பெயர் பால் குடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன், கடற்கரையை வரைபடமாக்க வந்த வெள்ளைக்காரர்கள் இருவருக்கு வழிகாட்டியாக அவள் நாய்வண்டியை வடக்கே ஓட்டிப் போனாள். வழியில் எங்கள் ஆண்களே தாண்டாத பெரிய பனியாறு இருந்தது.

"பொம்பள போற எடமா அது?" என்று சிரித்தான் என் கணவன் மித்தேக்.

"நீ போகாத எடம். அவ்வளவுதான்," என்றாள் அக்கா.

இப்போது வாசல் தோலை விலக்கித் தவழ்ந்து வந்தாள். தனியாக. முகத்தோல் கருத்து உரிந்திருந்தது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தாள். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்.

அம்மா விளக்கின் பக்கத்திலிருந்து எழவில்லை. அக்காவைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

குழந்தைக்கு யார் பெயர் என்று அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இருப்பவர் பெயரை நாங்கள் குழந்தைக்கு வைப்பதில்லை. இறந்தவர் பெயரைத்தான் வைப்போம்; பெயரோடு அவரே வந்துவிடுவார். அதனால்தான் இந்தக் குழந்தையை அம்மா 'மகளே' என்பாள். நான் 'அக்கா' என்பேன்.

எனக்கு முதலில் பிறந்த இரண்டும் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. பலமில்லாத பெயர்கள் என்றார்கள். சென்ற வசந்தத்தில் இவளும் பால் குடிக்காமல் அழுது அழுது நீலம் பூத்தபோது, காதருகே குனிந்து 'அவியாக்' என்றேன்.

அழுகை நின்றது. குடித்தாள்.

பெயர் ஒட்டிக்கொண்டது என்றால் அக்கா இல்லை என்று அர்த்தம். அவளைத் தேடிக் கிளம்ப நின்ற வண்டிகளிலிருந்து நாய்களை அவிழ்த்துவிட்டார்கள்.

பெயரைத் திருப்பிக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. கேட்டால் என் குழந்தை எதைப் பிடித்துக்கொண்டு இருக்கும்?

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டைவிரலால் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள்.

"நல்லா குடிக்கிறா. பேரை அவளே வெச்சுக்கட்டும். என்னை மொண்டிக்கைன்னு கூப்பிடுங்க, போதும்."

அம்மா சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையானது. நானும் அழுதேன்.

"அழாதடி, தங்கச்சி," என்று என் தலையைத் தடவினாள் அக்கா. "நான் உயிரோட இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நான் தலை குனிந்துகொண்டேன்.

பெயர் வைத்த அன்று காலை மித்தேக் வேட்டையிலிருந்து நேராக என்னிடம் வந்தான். வேறு யாரிடமும் சொல்லவில்லை. பனியாற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ கொழுப்பு எரிக்கும் புகை தெரிகிறது என்றான். நாய்களின் சத்தமும் கேட்டதாம்.

நான் குழந்தையைக் கையில் எடுத்துக் காதருகே குனிந்தேன்.