தூங்கி எழுந்தால் டச் வேலை செய்யாது

ரிச்சர்ட் கதவைப் பாதிதான் திறந்தார். "டேப்லெட்டு நல்லாத்தான் கீது மேடம். நீங்க இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்துகினு..." என்று இழுத்தவர், எழிலரசி நகராமல் நிற்பதைப் பார்த்து வழிவிட்டார்.

புகார் கொடுத்தது அவர் இல்லை, அவருடைய மச்சினி அருள்செல்வி. "காலைல வேலைக்குப் போற வழியில தினம் அக்காவைப் பார்க்கப் போறேன். ஒரு நாள்கூட அந்த டேப்லெட் வேலை செஞ்சதில்ல. வண்டி ஓட்டுனது மாமாதான் மேடம். நாளைக்கு அக்காகிட்ட வாக்குமூலம் வாங்க போலீஸ் வர்றாங்க" என்று போனில் சொல்லியிருந்தாள். அக்கா வாய் திறந்தால் யாருக்கு ஆபத்து என்பது எழிலரசிக்குப் புரிந்தது.

நான்கு மாதங்களுக்கு முன் பட்டாபிராம் பக்கம் நடந்த விபத்து அது. பைக்கில் போன மூவரில் ஒன்பது வயது ஆல்வின் அந்த இடத்திலேயே போய்விட்டான். ரிச்சர்டுக்குக் கையில் எலும்பு முறிவு. அவர் மனைவி ரெனிதாவுக்குத் தலையில் அடிபட்டுப் பேச்சு போய்விட்டது, உடம்பில் வலது ஆள்காட்டி விரல் மட்டும்தான் சொன்னபடி கேட்டது.

அந்த ஒரு விரலுக்காகத்தான் எழிலரசியின் நிறுவனம் லினக்ஸில் ஓடும் டேப்லெட் ஒன்றைக் கொடுத்திருந்தது. திரையைத் தொட்டு எழுதினால், எழுதியதை அது வாய்விட்டுப் படிக்கும்.

சேக்காட்டில் இருந்த அந்தச் சின்ன வீட்டின் ஹாலில் எழிலரசி டேப்லெட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளறையில் ரெனிதா மதியத் தூக்கத்தில் இருந்தாள். ஹால் சுவரில் வெறும் ஆணிகள்தான் இருந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அவன் படம் ஒன்றுகூட இல்லாதது எழிலரசிக்கு உறுத்தியது. அந்த முகத்தைப் பார்க்க இந்த ஆளுக்குத் தைரியம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

டேப்லெட்டை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினாள். திரை பளிச்சென்று வந்தது, ஆனால் விரலை வைத்தால் எதுவும் அசையவில்லை. கீபோர்டைச் செருகி, உள்ளே நடப்பதையெல்லாம் பதிந்து வைக்கும் லாகைப் பார்த்தாள். விரல் தொடுவதைத் திரைக்கு உணர்த்தும் டச் டிரைவர் ஒழுங்காகத்தான் விழித்திருந்தது. ஒரு வினாடி கழித்து, யாரோ பிடுங்கியதுபோல் கழன்றிருந்தது.

கமாண்ட் அடித்து அதைத் திரும்ப ஏற்றினாள். உடனே டச் வேலை செய்தது.

"சின்ன வேலைதான் சார். ஒவ்வொரு தடவை எழும்போதும் டிரைவர் தானா ஏறுற மாதிரி நாலு வரி எழுதிப் போட்டுர்றேன்."

ரிச்சர்ட் உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

அந்த நாலு வரியை வைக்க வேண்டிய ஃபோல்டரைத் திறந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தது. டேப்லெட் ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் டச் டிரைவரைக் கழற்றிவிடச் சொல்லும் ஃபைல். தேதி மூன்று மாதம் முந்தையது. நிறுவனத்தில் யாரும் இதை எழுதியிருக்க முடியாது. ரிச்சர்ட் பூந்தமல்லிப் பக்கம் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவர் என்று விண்ணப்பத்தில் படித்தது அவளுக்கு நினைவு வந்தது.

"இத எழுதுனது நீங்களா?"

"ஆமா."

"அவங்களுக்கு இருக்கிற ஒரே வாய் இதுதான் சார். அதப் போய் அடைச்சு வெச்சிருக்கீங்க."

"ஃபுல்லா அடைக்கல மேடம். தூங்கி எழுந்த ஒடனே மட்டும் வாணாம். ஒரு ஒன்றர மணி நேரம் போனா அவளுக்கே தெளிஞ்சிரும், அப்பால நானே ரீஸ்டார்ட் பண்ணிக் குடுத்துருவேன். டெய்லி அப்டித்தான்."

"அந்த ஒன்றரை மணி நேரம் என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்துல குந்திக்கினு இருப்பேன்."

எழிலரசி மனதுக்குள் கணக்குப் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து மிரட்ட, சொல்லிக்கொடுக்க, பயமுறுத்திச் சம்மதிக்க வைக்க ஒன்றரை மணி நேரம் தாராளம். நாளைக்குப் போலீஸ் வேறு வருகிறது.

"இன்னொரு தபா அத என் வாயால சொல்ல முடியாது மேடம்" என்றார் ரிச்சர்ட், தரையைப் பார்த்தபடி.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். போலீஸ்கிட்ட சொல்லுங்க."

அவள் அந்த ஃபைலை அழித்தாள். மூன்று முறை ஸ்லீப்பில் போட்டு எழுப்பிப் பார்த்தாள். மூன்று முறையும் டச் வேலை செய்தது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ரிச்சர்ட் சட்டென்று எழுந்து அறை வாசலை மறித்து நின்றார். "மேடம், ஒரு மணி நேரம் வெயிட் பண்ணுங்க. டீ வாங்கியாறேன். உங்க கால்ல வேணாலும் வுழறேன்."

"நகருங்க சார்."

அவர் நகர்ந்தார்.

ரெனிதா கண்ணைத் திறந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழிலரசி டேப்லெட்டை அவள் விரலுக்கு எட்டும்படி நிறுத்தினாள். "அக்கா, இது சரியாயிடுச்சு. மனசுல இருக்கிறதச் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன், பயப்படாதீங்க."

விரல் எழுத்து எழுத்தாக ஊர்ந்தது. எழிலரசி அந்த முகத்தில் பயத்தைத் தேடினாள், அது இல்லை. ரிச்சர்ட் சுவர்ப் பக்கம் திரும்பி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

கடைசி எழுத்தைத் தொட்டுவிட்டு, ரெனிதா கணவனைப் பார்த்துச் சிரித்தாள். டேப்லெட் வாய்விட்டுப் படித்தது.

"ஆல்வின் ஸ்கூல்லேர்ந்து வந்துட்டானா?"