மை இல்லாத பூக்கள்

ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டு வருகிறது. வாழ்த்து அட்டைகள் பரப்பிய மேசையின் ஒரு பக்கம் அவள், எதிரே கணவர். பித்தளை அச்சின் மேல் அட்டையைக் கவிழ்த்து, முனை மழுங்கிய ஊசியால் அவள் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க, மறுபக்கம் இதழ்கள் புடைத்து எழுகின்றன. அந்த இதழ்களின் மேல் முத்திரையால் நிறம் ஒற்றுவது முப்பது வருடமாக அவர் வேலை. பார்வை மங்கியதிலிருந்து பூ ஓரிடத்திலும் நிறம் ஓரிடத்திலுமாக விழுகிறது. போன வாரம் ஒரு கட்டு அட்டை அப்படியே குப்பைக்குப் போனது. அதனால் இன்று அவர் முன்னால் அவள் வைத்திருப்பது என்றோ காய்ந்துபோன மைப்பெட்டி. நிறத்தைப் பிறகு அவளே ஒற்றிக்கொள்வாள். டப், டப் என்று முத்திரை விழுகிறது. வெள்ளை அட்டை வெள்ளையாகவே அவள் பக்கம் வருகிறது. "சிவப்பு தூக்கலா இருக்கா?" என்று கேட்கிறார். "கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அவர் சிரிக்கிறார்.

தன் முன்னால் இருந்த கடைசி அட்டையும் முடிந்ததும் அவர் எழுந்து, சுவரைத் தடவியபடியே குழாயடிக்குப் போகிறார். விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மை வாசனை பிடிக்காமல் அவர் ஒருநாளும் கை கழுவியதில்லை. இன்றும் கொண்டுபோகிறார். அப்படியே நிற்கிறார். அவள் கையில் ஊசி ஓய்ந்துவிடுகிறது.

"சோப்பு எங்கம்மா? இந்தச் சிவப்பு லேசுல போகாதே" என்கிறார்.

குழாயைத் திறந்து, அழுக்கே படாத கைகளை வெகுநேரம் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்.